பெங்களூரு பீர்: இந்த வருஷம் நாக்கில் நின்றவை (கேள்வி பதில்)

நான் பீர் காய்ச்சுபவன் இல்லை, குடிப்பவன். பெங்களூருக்கு வேலைக்கு வந்த காலத்திலிருந்து எங்கே எதைக் குடித்தாலும் ஒரு சின்ன நோட்டில் இரண்டு வரி எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. வருஷக் கடைசியில் அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, நண்பர்கள் கேட்டனுப்பியவற்றுக்குப் பதில் சொல்கிறேன். 21 வயது ஆகாத தம்பிகள் இதோடு நிறுத்திக்கொள்ளவும்.

ஓசூர்: அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. இந்த வருஷத்தோட டாப் ஐந்து எது?

ஐந்து தேறவில்லை தம்பி, நாலரைதான் தேறியது.

முதலாவது, இந்திராநகர் நூறடி ரோட்டில் இருக்கும் டாய்ட் என்ற பப்பின் பாஸ்மதி பிளாண்ட், பாஸ்மதி அரிசி சேர்த்த வெளிறிய பீர். புதிய சரக்கு இல்லை, பல வருஷமாக ஊற்றுகிறார்கள். ஆனால் இந்த ஏப்ரலில், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம் குடித்தபோதுதான் இது எதற்காகக் காய்ச்சப்பட்டது என்று புரிந்தது. லேசான உடம்பு, கடைசியில் ஒரு துளி கசப்பு, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஆர்பர் என்ற பெங்களூரு பப்பின் ரேஜிங் எலிஃபன்ட் ஐபிஏ (இந்தியா பேல் ஏல், கசப்புத் தூக்கலான வகை). கசப்புக்குப் பயப்படாதவர்களுக்கு. மூன்றாவது, கைஸ்ட் என்ற பெங்களூரு பீர்க் கம்பெனியின் அங்கிள் டுங்கல், கறுப்புக் கோதுமை பீர். வாழைப்பழத்தைச் சட்டியில் போட்டுச் சர்க்கரையோடு வதக்கினால் ஒரு வாசம் வருமே, அதேதான். நான்காவது, ஜூலை மழையில் ஒரு சின்ன பப்பில் குடித்த காபி ஸ்டவுட் (ஸ்டவுட் என்றால் வறுத்த தானியத்தில் காய்ச்சும் கறுப்பு பீர்). சிக்மகளூர்க் கொட்டையைப் பீருக்கென்றே வறுத்து, குளிர்ந்த நீரில் ஊறவைத்து அந்த டிகாக்‌ஷனைச் சேர்த்ததாகச் சொன்னார்கள். அந்தப் பீப்பாய் தீர்ந்துபோனது, மறுபடி போடவில்லை. பெயர் சொல்லிப் பயனில்லை.

மிச்சமுள்ள அரை, மாம்பழ பீர். அதற்குக் கீழே தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது.

திருச்சி: அரிசி போட்ட பீர் மட்டம்னு சொல்வாங்களே சார்? பெரிய கம்பெனிக்காரன் செலவைக் குறைக்கத்தானே அரிசி போடறான்?

பாதி சரி. அரிசியின் மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாகி, ஈஸ்ட் அதை மிச்சமில்லாமல் தின்றுவிடும். ருசி என்று பெரிதாக எதையும் விட்டுப்போகாது. அதனால்தான் அமெரிக்காவின் பட்வைசரிலும் அரிசி. மால்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) கனம் குறையும், குடிக்க லேசாக இருக்கும். மட்டம் என்பது அரிசியில் இல்லை. மற்ற எல்லாவற்றையும் குறைத்துவிட்டு அரிசியை மட்டும் ஏற்றுவதில் இருக்கிறது. நம் சங்கப் பாட்டுகளில் வரும் தோப்பி என்ன? அரிசிக் கள்தானே.

சென்னை: ஊற்றிக் கொடுத்த பீர் கலங்கலா இருந்தது. கெட்டுப்போனதோன்னு திருப்பிக் கொடுத்துட்டேன். தப்பா?

கோதுமை பீராக இருந்தால் தப்புதான். பாட்டில் பீரை வடிகட்டி, சூடுகாட்டிக் கிருமி நீக்கி அனுப்புகிறார்கள். கிடங்கில் மாதக் கணக்கில் இருந்தாக வேண்டுமே. பப்பிலேயே காய்ச்சும் மைக்ரோப்ரூவரியில் தொட்டியிலிருந்து நேராகக் குழாய்க்கு வருகிறது. ஈஸ்ட்டும் கோதுமைப் புரதமும் மிதக்கும். பழைய சாதத் தண்ணீர் தெளிவாகவா இருக்கிறது?

ஆனால் பில்ஸ்னர் கேட்டு அது கலங்கலாக வந்தால் திருப்பிக் கொடுங்கள். பில்ஸ்னர் லாகர் வகை, நாம் வழக்கமாகப் பாட்டிலில் குடிப்பதும் லாகர்தான்; அது குளிரில் வாரக் கணக்கில் கிடந்து தெளிய வேண்டியது. கலங்கியிருந்தால் பெரும்பாலும் அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

கோயம்புத்தூர்: கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வருகிறது. எசென்ஸ் விடுகிறார்களா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். ஒரு சொட்டு எசென்ஸும் இல்லை, எல்லாம் ஈஸ்ட்டின் வேலை. ஜெர்மனியின் பவேரியாப் பக்கத்து ஹெஃபவைசன் வகையில், தானியத்தில் குறைந்தது பாதி கோதுமையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்று தனி ஈஸ்ட் உண்டு. அது சர்க்கரையைத் தின்னும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. பழுத்த வாழைப்பழத்தில் இருப்பதும் அதே பொருள்தான். கூடவே கிராம்பு வாசனை தரும் இன்னொரு பொருளும் வரும்.

வேடிக்கை என்னவென்றால், நொதிக்கும் சூட்டைச் சற்று ஏற்றினால் வாழைப்பழம் முந்தும், இறக்கினால் கிராம்பு முந்தும். இரண்டும் சரிசமமாக நிற்கும்படி பிடிப்பதில்தான் காய்ச்சுபவரின் கை தெரியும். அதனால் புது இடத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது சாதாரணக் கோதுமை பீர்தான். சாம்பாரை ருசி பார்த்துவிட்டு ஓட்டலை எடைபோடுவோமே, அந்த மாதிரி. ஆர்பரின் பெங்களூர் பிளிஸ் இந்தப் பரீட்சையில் இந்த வருஷமும் எனக்கு ஏமாற்றம் தரவில்லை. பழம் ஒரு அடி முன்னால், கிராம்பு ஒரு அடி பின்னால்.

எலுமிச்சைத் துண்டை விளிம்பில் செருகிக் கொடுத்தால் எடுத்து ஓரமாக வையுங்கள். எலுமிச்சை விழுந்ததும் நுரை சரியும், வாசனையும் போகும்.

மதுரை: பீரில் கொத்தமல்லி விதை போடுவார்கள் என்று என் மாப்பிள்ளை சொல்கிறார். கேலி செய்கிறாரா?

மாப்பிள்ளை சொல்வது உண்மைதான் ஐயா. பெல்ஜியத்தின் விட்பியர் வகையில் முளைகட்டாத கோதுமை, தனியா, ஆரஞ்சுத் தோல் மூன்றும் சேரும். பாட்டில் லாகர் வந்த பிறகு அந்த வகை அழிந்தேபோனது. 1960களில் ஹூகார்டன் என்ற ஊரில் பியர் செலிஸ் என்ற பால்காரர் அதை மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார். இன்று உலகம் முழுக்கக் கிடைக்கிறது. பெங்களூரில் டாய்ட்டின் டின்டின், கைஸ்ட்டின் விட்டி விட் இரண்டும் இந்த வகை. மிளகு போட்ட காளான் வறுவலோடு மாப்பிள்ளையை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கோசே என்று ஜெர்மன் வகை ஒன்றும் உண்டு: புளிப்பு, உப்பு, தனியா. முதல் வாய் குடித்ததும் எனக்கு நீர்மோர்ப் பந்தல்தான் நினைவுக்கு வந்தது.

கிருஷ்ணகிரி: எங்க ஊரைச் சுத்தி மாம்பழக்கூழ் ஃபேக்டரிங்கதான். பெங்களூரு பப்புல மாம்பழ பீர்னு குடிச்சேன், ஜூஸ் குடிச்ச மாதிரி இருந்தது. நல்ல மாம்பழ பீர்னு ஒண்ணு இருக்கா?

இருக்கிறது, ஆனால் அபூர்வம். உங்களுக்குக் கிடைத்தது அனேகமாகக் கடைசியில் சிரப் கலந்தது.

மாம்பழத்தின் இனிப்பு முழுக்கச் சர்க்கரை. கூழைத் தொட்டியில் போட்டால் ஈஸ்ட் அதைத் தின்று தீர்த்துவிடும். இனிப்பு போய், தோலின் துவர்ப்பும் கொட்டையை ஒட்டிய நாரின் வாசனையும்தான் மிஞ்சும். நல்ல மாம்பழ பீர் இனிக்கவே இனிக்காது. வருகிறவர்கள் ஜூஸை எதிர்பார்த்து வருகிறார்கள், பப்காரரும் அதையே கொடுத்துவிடுகிறார்.

மே மாதம் வொயிட்ஃபீல்டு பக்கம் ஒரு இடத்தில் பாதாமி மாம்பழம் போட்டதைக் குடித்தேன். முதல் நொதிப்பு முடிந்து, பீர் குளிர்ந்து அடங்கிய பிறகு கூழைச் சேர்த்திருந்தார்கள். கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனதும், வைக்கோலில் பழுக்கவைத்த பழக்கூடையைத் திறந்த வாசனை. வாயில் வைத்தால் இனிப்பே இல்லை, வறண்ட பீர். மூக்கு ஒன்று சொல்ல நாக்கு இன்னொன்று சொன்னது. இரண்டு வாரம் கழித்து அதே இடத்துக்குப் போனேன். புதுப் பீப்பாய், பாயசம். அதனால்தான் பட்டியலில் அதற்கு அரை.

கொழும்பு: எங்கட லயன் ஸ்டவுட்டை ஏன் ஒருத்தரும் கணக்கில எடுக்கிறதில்லை?

நான் எடுக்கிறேன்! 8.8 சதவீதம், கறுப்பு, கருப்பட்டியும் சுட்ட காபியும் கலந்த ருசி. மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, பீர் பற்றி எழுதிய இங்கிலாந்துக்காரர்) அதைப் புகழ்ந்து எழுதிய பிறகுதான் வெளிநாட்டுக்காரர்கள் தேட ஆரம்பித்தார்கள். அதைக் கூலாக்கிக் குடிக்காதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிஷம் வெளியே வைத்துக் குடித்தால் வேறு சரக்கு மாதிரி இருக்கும். பெங்களூருப் பட்டியல் என்பதால் மேலே சேர்க்கவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திருநெல்வேலி: ஐபிஏவில் ஐ என்றால் இந்தியா என்கிறார்கள். இங்கே கண்டுபிடித்ததா?

இங்கே வந்தது, இங்கே பிறக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பல வகை பீர் வந்தது. அதில் லண்டன் ஹாட்சன் என்பவரின் வெளிறிய பீரும் ஒன்று. அவருடைய ஆலை கம்பெனியின் கப்பல் துறைக்குப் பக்கத்தில் இருந்தது, கேப்டன்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தார், அதனால் விற்றது. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க்காரர்கள் போட்டிக்கு வந்து அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கென்றே ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்பது பிற்காலக் கதை. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவை அதிகம் போட்டால் பீர் சீக்கிரம் கெடாது என்பது முன்பே தெரிந்த சங்கதிதான்.

உள்ளூரில் காய்ச்சிய வரலாறும் சின்னதில்லை. நீலகிரி, பெங்களூரு, சென்னை என்று தென்னிந்தியாவில் இருந்த ஐந்து சிறு ஆலைகளைச் சேர்த்து 1915இல் உருவானதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ். கிங்ஃபிஷரின் தாய்க் கம்பெனி.

தர்மபுரி: கேழ்வரகு பீர் எப்படி?

இந்த வருஷம் மூன்று இடத்தில் குடித்தேன், மூன்றிலும் மெனு அட்டையில்தான் கேழ்வரகு இருந்தது. கொஞ்சம் மாவு போட்டுவிட்டு விவசாயி படம் போட்டுவிடுகிறார்கள். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்துப் போட்டால்தான் அந்த மண்வாசனை இறங்கும். சிக்கிமில் தோங்பா என்று ஒன்று உண்டு. நொதித்த கேழ்வரகைக் குவளையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சுவார்கள். அதைக் குடித்தவர்களுக்கு இந்த பப் சரக்கு எடுபடாது.

வேலூர்: ஒரு இடத்தில் பீர் பாப்கார்ன் வெண்ணெய் மாதிரி மணந்தது. அதுவும் ஸ்பெஷலா?

ஸ்பெஷல் இல்லை, குறை. டைஅசிடைல் என்று பெயர். நொதிக்கும்போது ஈஸ்ட்டிலிருந்து வருவது. இரண்டு மூன்று நாள் பொறுத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்பத் தின்று சுத்தம் செய்துவிடும். பொறுக்காமல் குளிரவைத்தால் அப்படியே தங்கிவிடும். குழாயைச் சரியாகக் கழுவாவிட்டாலும் வரும்.

எனக்கும் அக்டோபரில் நடந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். சொன்னேன்; பரிமாறிய பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “எங்க மாஸ்டர் ரெசிபியே அதுதான் சார்” என்றான். முழு பில்லும் கட்டிவிட்டு வந்தேன். நோட்டில் அன்றைக்கு ஒரே சொல்தான்: நெய் ரோஸ்ட்.

பச்சை ஆப்பிள் வாசனையும் அவசரத்தின் அடையாளம். வேகவைத்த மக்காச்சோளம் மணந்தால் கொதிக்கவைத்ததில் குறை.

ஈரோடு: பீர்தானே, ஒன்றும் செய்யாது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். எத்தனை கிளாஸ் வரை சரி?

கணக்கைப் பார்த்துவிடுவோம் அக்கா. 5 சதவீத பீர் அரை லிட்டரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். 30 மில்லி விஸ்கியில் சுமார் 10 கிராம். ஆக ஒரு பெரிய மக், இரண்டு சின்ன பெக். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் என்றால் நான்கு பெக். “பீர்தானே” என்பவரிடம் இந்தக் கணக்கை நீட்டுங்கள்.

வண்டி ஓட்டுபவர்களுக்குச் சட்டம் வைத்த எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஒரு மக்கிலேயே தாண்டலாம். நான் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு ஆட்டோவில் போகிறவன்.

நாமக்கல்: வீட்டிலேயே காய்ச்சலாமா?

லைசென்ஸ் இல்லாமல் கூடாது. மாட்டினால் கேஸ்.

சேலம்: பொங்கல் லீவில் ஒரே ஒரு சாயங்காலம்தான் பெங்களூரில் இருப்பேன். பீர் கசப்பென்று ஒதுங்கும் மனைவியும் கூட வருகிறார். என்ன செய்யலாம்?

இந்திராநகருக்கு மெட்ரோவில் வாருங்கள், ஆறு மணிக்குள். எட்டுக்கு மேல் வந்தால் வாசலில் நிற்க வேண்டும். எடுத்ததும் பெரிய மக் சொல்லாதீர்கள். சின்னச் சின்னக் கிளாஸில் எல்லா வகையும் வைத்த சாம்பிள் தட்டு பல இடங்களில் உண்டு, இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும். லேசானதில் தொடங்கிக் கறுப்பில் முடியுங்கள். ஐபிஏவை முதலில் குடித்தால் நாக்கு மரத்து, பிறகு எதுவும் தெரியாது.

மனைவிக்கு விட்பியரைக் கொடுத்துப் பாருங்கள். பீர் கசப்பு என்பவர்களில் பலர் லாகர் ஒன்றைத்தான் குடித்திருப்பார்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம், எலுமிச்சை சோடா எல்லா இடத்திலும் கிடைக்கும். அப்புறம், வெறும் வயிற்றோடு மட்டும் வராதீர்கள். வழியில் எங்காவது தோசை சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பப்பில் தோசை விலையில் இரண்டு வேர்க்கடலைகூட வராது.