சான்றிதழைப் பூட்டி வைத்தால் மனம் தங்குமா?

கேள்வி: தனியார் பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். ஆடி மழையில் மண் சரிந்து பேருந்து தாமதமானாலும் அரைநாள் சம்பளம் பிடிக்கிறார்கள். என் அசல் சான்றிதழ்களும் நிர்வாகத்திடமே உள்ளன. பிள்ளைகள் மீது பாசம் குறையவில்லை. பள்ளி மீதுதான் பற்று விட்டுப்போயிற்று. தவறு என்னுடையதா?
— ஒரு வாசகி, கூடலூர்

பதில்: இல்லை. பணியாளரின் பற்றுறுதியை 1991-இல் மேயர், ஆலன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்தனர்: விரும்பி இருப்பது, விலகினால் இழப்பு என்பதால் இருப்பது, இருப்பதே கடமை என்று கருதி இருப்பது. சான்றிதழைப் பூட்டி வைக்கும் நிர்வாகம் இரண்டாவதை மட்டுமே வளர்க்கிறது. அவ்வாறு இருப்பவர் மணி அடித்ததும் கிளம்புவாரே தவிர, பின்தங்கிய மாணவனுக்காக மாலையில் அரைமணி நேரம் கூடுதலாக உட்கார மாட்டார். (நீங்கள் இன்னும் உட்காருகிறீர்கள் என்றே ஊகிக்கிறேன், அது பிள்ளைகளுக்காக.) மழைக்கால மலைப்பாதையின் நிலை தாளாளருக்கும் தெரியும், தெரிந்தே பிடித்தம் செய்யும்போது, பணத்தோடு சேர்ந்து, தம் சொல்லை இங்கே நம்புவார்கள் என்ற எண்ணமும் ஆசிரியருக்குப் போய்விடுகிறது.

தனியாக முறையிடாமல், அதே பேருந்தில் வரும் சக ஆசிரியர்களோடு சேர்ந்து, மழைக்காலத் தாமதத்துக்கு எழுத்துபூர்வமான விதி ஒன்றை முதல்வரிடம் கேளுங்கள். சான்றிதழ்களைத் திரும்பக் கேட்கும் கடிதத்தின் நகலில் ஒப்புதல் கையொப்பம் பெறுங்கள். பல ஆண்டு பணியாற்றி விலகும்போது நிர்வாகம் தரவேண்டிய தொகையான பணிக்கொடையை (கிராஜுவிட்டி) ஆசிரியர்களுக்கும் உரியதாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தை 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துள்ளது. எனவே ஒன்பது ஆண்டுப் பணிக்கான பணிக்கொடையை எண்ணி அங்கேயே தயங்கி நிற்க வேண்டியதில்லை.