எதிர் சீட்டுக்காரர் கேட்ட கேள்வி

குத்தாலத்திலிருந்து தினமும் காலை பாசஞ்சரில் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகும் வாசகி எழுதியிருக்கிறார்: "எதிர் சீட்டில் வரும் இளைஞர் போனில் ரீல்ஸை ஸ்பீக்கரில் ஓடவிடுகிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். 'நேத்து நீங்க நாத்தனாரோட அரை மணி நேரம் பேசினீங்களே, நாங்க கேட்டுக்கிட்டுத்தானே வந்தோம்' என்றார். பெட்டியே சிரித்துவிட்டது. இனி அவரிடம் எப்படிப் பேசுவது?"

அவர் சொன்னதை நீங்கள் மறுக்கவில்லை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம். டிக்கெட் பரிசோதகராகப் பல வருஷம் அலைந்தவன் நான். பெட்டியில் அதிகச் சத்தம் போடுகிறவர், தான் மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம்மை அறியாமலே குரல் உயரும். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதைக் கவனித்துச் சொல்லிவிட்டார். ஜன்னல் திறந்த பாசஞ்சரில் கேட்கவே வேண்டாம். ஆனால் போனின் மைக் உங்கள் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எதிர்முனையில் கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்று அர்த்தம். சிக்னல் இல்லாத இடத்தில் கத்தினால் நாத்தனாருக்குக் கேட்காது, பெட்டிக்குத்தான் கேட்கும்.

இரண்டு பேர் நேரில் பேசிக்கொண்டால் நம்மால் தூங்க முடிகிறது, ஒருவர் போனில் பேசினால் முடிவதில்லையே, ஏன்? ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் காதில் விழுந்தால், மறுபக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மனசு தானாகவே தேட ஆரம்பித்துவிடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் சோதித்துப் பார்த்ததில், பாதி உரையாடலைக் கேட்டவர்களின் கவனம்தான் அதிகம் சிதறியது. ஆக, உங்கள் நாத்தனார் என்ன பதில் சொன்னார் என்று யோசித்தே அந்தப் பெட்டி பாபநாசம் வரை வந்திருக்கும்!

சரி, நாளைக்கு என்ன செய்யலாம்? "தம்பி, அன்னைக்கு நான் சத்தமாப் பேசினது தப்புதாங்க. இனிமே பேச மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். அதோடு நிறுத்துங்கள், கையோடு ரீல்ஸ் பேச்சை எடுத்தால் அது மன்னிப்பு ஆகாது, பேரம் ஆகிவிடும். நாலு நாள் நீங்கள் சொன்னபடி இருந்துவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. ஆடுதுறையிலிருந்து கும்பகோணம் வரை உள்ளுக்குள் கொதித்துவிட்டுக் கேட்டால் குரலிலேயே சண்டை வந்துவிடும். ரீல்ஸ் ஆரம்பித்ததுமே, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா தம்பி, தலை வலிக்குது" என்றால் போதும். நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க எந்த இளைஞருக்கும் மனசு வராது; பக்கத்துச் சீட்டை ஆதரவுக்கு அழைக்காதீர்கள். கோபத்தில் அவரை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. அது அவர் செய்ததைவிடப் பெரிய தவறு.

அப்படியும் கேட்கவில்லையா? முதலில் இடம் மாறுங்கள். வம்பு வளர்ந்தால் ரயில்வேயின் 139 எண்ணில் புகார் செய்யலாம். சக பயணிகளுக்குத் தொல்லை தருபவரை இறக்கிவிட 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145-வது பிரிவு இடம் தருகிறது. ரீல்ஸுக்காக அதுவரை போக வேண்டாம் என்பேன். தினமும் முகம் பார்க்க வேண்டிய ஆள்.

உங்களுக்கு அவசரமாகப் போன் வந்தால் எடுக்காமல் இருக்க முடியாதுதான். "ரயில்ல இருக்கேன், இறங்கிட்டுக் கூப்பிடுறேன்" என்று சொல்ல அஞ்சு விநாடி ஆகாது. பேசியே ஆக வேண்டும் என்றால் கை கழுவும் இடத்துப் பக்கம் போய்ப் பேசுங்கள், படிக்கட்டில் நிற்காதீர்கள். வங்கிக் கணக்கு எண்ணையும் ஓடிபியையும் மட்டும் எங்கே நின்றாலும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.