மஞ்சள் பின்னுக்குத் தங்க முலாம் தேவையா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 வீடியோ கேம் பெட்டி இன்னும் நன்றாக ஓடுகிறது. புது எல்இடி டிவியில் மாட்டினால் படம் கலங்கலாக இருக்கிறது. எழுத்துகளின் ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது. கோயம்புத்தூரில் தங்க முலாம் பூசிய ஏவி கேபிளை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

வேண்டாம். அந்த எறும்பு சிக்னலிலேயே இருக்கிறது. ஏவி கேபிளில் படத்தைக் கொண்டுவரும் மஞ்சள் பின்னில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. நம் ஊர் டிவிக்கான பிஏஎல் என்ற வண்ண முறையில் நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸில் வெளிச்சத்தோடு சேர்ந்தே ஏறி வரும். டிவி இரண்டையும் பிரிக்கப் பார்க்கும், முழுசாக முடியாது. பிரியாமல் தங்கிய மிச்சம்தான் ஓரத்தில் ஊர்கிறது. பழைய குண்டு டிவியில் இது கண்ணை உறுத்தாது. தங்க முலாம் பின் கருக்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது காம்பொனென்ட் கேபிள். படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பின். சத்தத்துக்கு வெள்ளை, இன்னொரு சிவப்பு. வெளிச்சம் தனியாகவும் நிறம் தனியாகவும் வருவதால் எறும்பு போய்விடும். பிளேஸ்டேஷன் 1, 2, 3 மூன்றுக்கும் பின்பக்க ஏவி சாக்கெட் ஒன்றேதான். அதனால் யாரிடமாவது பிளேஸ்டேஷன் 3-இன் பழைய காம்பொனென்ட் கேபிள் சும்மா கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அப்படியே பொருந்தும்.

மாட்டுவதற்கு முன் ஒரு வேலை. மஞ்சள் கேபிளிலேயே ஓடவிட்டு, டிஸ்க் போடாமல் சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குள் போங்கள். காம்பொனென்ட் வீடியோ அவுட் என்பது ஆர்ஜிபி என்று இருந்தால், ஒய் என்று தொடங்கும் மற்றதற்கு மாற்றுங்கள். மாற்றாமல் மாட்டினால் நிறமெல்லாம் கெட்டுப் படம் பச்சையாக வரும். கேபிள் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கேபிளில் காசு எதற்குக் கொடுக்கலாம்? ஷீல்டிங்குக்கு, அதாவது கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறைக்கு. மலிவான கேபிள் ஒன்றை நான் வெட்டிப் பார்த்தேன். தடித்த ரப்பருக்குள் மயிரிழை போல நாலைந்து செம்பு இழைகள், மையக் கம்பியைச் சுற்றித் தளர்வாகக் கிடந்தன. நல்ல கேபிளில் அந்த இடத்தில் செம்பு வலை நெருக்கமாகப் பின்னியிருக்கும்; படக்கம்பி ஒவ்வொன்றும் 75 ஓம் கோஆக்ஸியலாக (நடுவில் கம்பி, சுற்றிலும் வலை) இருக்கும். வெட்டாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. திரை முழுக்க வெள்ளையாகும் காட்சியில் ஸ்பீக்கரைக் கவனியுங்கள். திரை வெளுக்கும்போது மட்டும் 'ர்ர்' என்று இரைந்தால் படம் சத்தக் கம்பிக்குள் கசிகிறது. அந்தக் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைக்குப் போகும் முன் டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். இப்போது வரும் பல டிவிகளில் காம்பொனென்ட் சாக்கெட்டே இல்லை, சிலவற்றில் 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றுதான் இருக்கும். அதற்கான பிரிப்பு வயரை டிவியோடு வந்த பெட்டியில் தேடுங்கள். வெளியில் வாங்கினால் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வரவேண்டிய இடத்தில் சத்தம் வரும்.

சாக்கெட்டே இல்லையென்றால், பிளேஸ்டேஷன் 2-இன் பின்னால் நேராகச் செருகும் சின்ன எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்கலாம். அது காம்பொனென்ட் சிக்னலைத்தான் எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் பின்னைச் செருகும் எச்டிஎம்ஐ டப்பாவை மட்டும் வாங்காதீர்கள். கலங்கிய படத்தையே பெரிதாக்கித் தரும், பட்டனை அழுத்தியபின் ஆள் நகரத் தாமதமும் ஆகலாம்.

அப்புறம், பழைய மஞ்சள் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிளேஸ்டேஷன் 1 டிஸ்குகளைப் பிளேஸ்டேஷன் 2-இல் ஓட்டும்போது பெரும்பாலும் 240பி என்ற, கோடுகள் குறைந்த பழைய வகை சிக்னல் வரும். காம்பொனென்ட் வழியே அதை ஏற்காத டிவிகள் உண்டு, திரை கறுப்பாகவே நிற்கும். அந்த டிஸ்குகளுக்கு மஞ்சள்தான் கைகொடுக்கும்.