குடும்பமாகச் சேர்ந்து ஒரு பழைய ரயில்வே மோட்டார் காரைப் புதுப்பிக்க முடியுமா? எதில் தொடங்க வேண்டும்?

முடியும். பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டு கராஜில் நானும் கணவரும், பதினான்கு வயது மகளும் பத்து வயது மகனும், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்த என் அப்பாவும் சேர்ந்து ஒரு ஃபேர்மான்ட் எம்-19 வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தோம். முதலில் எஞ்சினில் கை வைக்காதீர்கள். சக்கரத்திலும் பிரேக்கிலும் தொடங்குங்கள்.

தண்டவாளப் பராமரிப்பு ஊழியர்கள் பாதையைப் பார்வையிடச் செல்வதற்காக மின்னசோட்டாவின் ஃபேர்மான்ட் நகரில் இருந்த நிறுவனம் தயாரித்த சிறிய பெட்ரோல் வண்டி இது. சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய பிக்கப் வண்டிகள் வந்த பிறகு ரயில் நிறுவனங்கள் இவற்றைக் கழித்துவிட்டன. அப்பா தென்னக ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ. ஆக, அதாவது தண்டவாளப் பராமரிப்பு ஆய்வாளராக இருந்தவர், டிராலிமேன்கள் தண்டவாளத்தின் மேல் ஓடியபடி தள்ளிய டிராலியில் பல ஆண்டுகள் பாதை பார்த்தவர். வண்டியைக் கண்டதும் அவர் எஞ்சின் பக்கம் போகவே இல்லை. குனிந்து உட்கார்ந்து, சக்கரத்தின் ஃபிளாஞ்சை, அதாவது சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்காமல் தடுக்கும் விளிம்பை, விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார். அந்த விளிம்பு தேய்ந்து கூர்மையாகிவிட்டாலோ, சக்கரத்தில் விரிசல் விட்டிருந்தாலோ, மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது மின்காப்பு. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே அச்சு வழியாக மின்சாரம் பாய்ந்தால், ரயில் வந்துவிட்டதாகச் சிக்னல் எடுத்துக்கொள்ளும் என்பதால், இவ்வகை வண்டிகளில் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே காப்புப் பொருள் வைத்திருப்பார்கள். மகன், மின்தொடர்பு இருந்தால் ஒலிக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை இடது சக்கரத்திலும் மறு முனையை வலது சக்கரத்திலும் வைத்தான். ஒலிக்கக் கூடாத மீட்டர் ஒலித்தது. கழற்றிப் பார்த்தால் காப்பு வெடித்து, அந்த இடுக்கில் பல ஆண்டு கிரீசும் இரும்புத் தூளும் கெட்டியாக இறுகிக் கிடந்தன. இந்த மின்காப்பு சரியாக இருக்கும்போது லெவல் கிராசிங் கேட்டுகள் இந்த வண்டிக்காகத் தாமாக மூடாது. அதனால் சாலையைக் கடக்கும் இடங்களில் ஒருவர் இறங்கிக் கொடி காட்டித்தான் வண்டியைக் கடத்த வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் வண்டியின் எஞ்சின் ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். கியர் பெட்டி கிடையாது, ஒரு தட்டையான பெல்ட்தான் அச்சைச் சுழற்றும். பெல்ட்டை இறுக்கும் நெம்புகோலே கிளட்ச். பின்னால் போக வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, எதிர்த் திசையில் சுழலும்படி மறுபடி கிளப்ப வேண்டும். இதை விளங்கிக்கொண்ட நாளில் மகள் அம்புக்குறிகள் போட்டு ஒரு படமே வரைந்துவிட்டாள். ஆனால் எஞ்சின் இரண்டு சனிக்கிழமைகள் எங்களை அலைக்கழித்தது. பெட்ரோல் வந்தது, ஸ்பார்க் வந்தது, ஆனாலும் பிடிக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அப்பா, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல, கிராங்க் அச்சு வெளியே வரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவி, எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றும்படி என்னிடம் சொன்னார். சிறு சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ், அதாவது கிராங்க் அச்சு இருக்கும் அடிப்பெட்டி, காற்றுப் புகாமல் இருந்தால்தான் பெட்ரோல் கலவை சிலிண்டருக்குப் போகும். உலர்ந்துபோன சீல்களை மாற்றியதும், நாலாவது சுழற்றலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: கைப்பிடியைச் சுழற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள், எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். பிள்ளைகளை நாங்கள் அந்தப் பக்கமே விடவில்லை.

புல் முளைத்துக் கிடக்கும் பாதையானாலும் அதற்கு உரிமையாளர் உண்டு; அனுமதியின்றி வண்டியை இறக்குவது அத்துமீறல், உயிருக்கும் ஆபத்து. நார்கோவா எனப்படும் வட அமெரிக்க ரயில்கார் ஓட்டுநர் சங்கத்தில் சேர்ந்து, விதிப் புத்தகத்தைப் படித்துத் தேர்வு எழுதி, காப்பீடும் எடுத்த பிறகு, ரயில் நிறுவனங்களின் அனுமதியோடு நடக்கும் பயணங்களில் ஓட்டுவதே சரியான வழி. கணவர் தேர்வை முடித்துவிட்டார். நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. மகள் மஞ்சள் என்கிறாள், மகன் சிவப்பு என்கிறான். ஊருக்குத் திரும்பிவிட்ட அப்பாவோ வாரம் தவறாமல் வீடியோ அழைப்பில் பிரேக் கட்டையைக் காட்டச் சொல்லி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்கிறார்.