பாய்லரைக் கழற்றும் முன்: ஹீட் பம்ப் மானியம் பற்றிக் கேட்டவர்களுக்கு

பிரிட்டனில் வீடுகளுக்கு வெப்பமூட்டும் வேலையில் இருப்பவன் நான். கேஸ் பாய்லரும் மாட்டியிருக்கிறேன், ஹீட் பம்ப்பும் (வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் கருவி) மாட்டுகிறேன். பாய்லரைக் கழற்றி அதை வைக்க அரசு மானியம் தருகிறது. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் பாய்லருக்கு 14 வயது. 2035க்கு மேல் கேஸ் பாய்லரே கூடாதாமே, இப்போதே மாற்றிவிடவா?

ஓடுகிற பாய்லரைக் கழற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. 2035 என்பது புதிய பாய்லர் விற்பனையைப் பற்றிய பேச்சு. 2023 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு வீடுகளுக்கு விலக்கு என்றார். ஆட்சி மாறியபின் தடைப் பேச்சே அடங்கிவிட்டது. இப்போது நெருக்குவது நம்மை அல்ல, தயாரிப்பாளர்களை. 2025 ஏப்ரலில் தொடங்கிய விதிப்படி, பெரிய பாய்லர் தயாரிப்பாளர்கள் முதல் ஆண்டில் தங்கள் பாய்லர் விற்பனையில் 6 சதவீத அளவுக்காவது ஹீட் பம்ப்பும் விற்றாக வேண்டியிருந்தது. குறைந்தால் குறைகிற ஒவ்வொன்றுக்கும் 500 பவுண்டு அபராதம் என்று வைத்தார்கள்.

ஆனால் 14 வயதுப் பாய்லர் ஜனவரி மாதக் குளிரில்தான் உயிரை விடும். அந்த வாரத்தில் யாரும் யோசித்து முடிவெடுக்க மாட்டார்கள், மறுநாளே கிடைக்கிற இன்னொரு பாய்லரைத்தான் மாட்டுவார்கள். கோடையிலேயே ஆளை வரவழைத்து வீட்டை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மானியம் கையில் வருமா?

வராது. மாட்டுகிறவரே ஆஃப்ஜெம்மில் (மின்சாரம், கேஸ் துறையின் கண்காணிப்பு அமைப்பு) விண்ணப்பித்து, உங்கள் பில்லில் கழித்துத் தருவார். அவருக்கு எம்சிஎஸ் என்ற தரச் சான்று இருக்க வேண்டும். 2022இல் இந்த மானியத் திட்டம் தொடங்கியபோது காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் வகைக்கு 5,000 பவுண்டு கொடுத்தார்கள். கேட்பாரில்லை. 2023 அக்டோபரில் 7,500 ஆக்கினார்கள். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் தனித் திட்டம், அதில் வட்டியில்லாக் கடனும் உண்டு.

அண்ணை, என்ர சிநேகிதன் வீட்டிலை போன வருசம் பூட்டினவை. இப்ப கரண்ட் பில்லைப் பாத்துப் பாத்துப் புலம்புறான். அரசாங்கம் ஏமாத்துதோ?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் அரசு உரக்கச் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை கேஸைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு. நல்ல பாய்லர் பத்து யூனிட் கேஸை எரித்து ஒன்பது யூனிட் சூடு தரும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூடு தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் பைசாக் கணக்கில் பாய்லர்தான் மலிவு. இரண்டும் சமமாக வேண்டுமென்றால் அந்த மூன்று, 3.6 ஆக வேண்டும் (விலை நாலு மடங்கு, பாய்லர் தருவது 0.9; பெருக்கிப் பாருங்கள்). மின்சார பில்லில் பசுமைத் திட்டச் செலவுகளை ஏற்றி, கேஸை லேசாக விட்டுவைத்ததற்கும் இதில் பங்கு உண்டு. 7,500 பவுண்டை ஒரு கையால் கொடுத்து மறுகையால் மாதாமாதம் வாங்குவது போலத்தான்.

3.6 எட்ட முடியாத எண் இல்லை. உங்கள் சிநேகிதரை ஒன்று பார்க்கச் சொல்லுங்கள்: ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீர் எத்தனை டிகிரி? பாய்லர் பழக்கத்தில் 60க்கு மேல் வைத்திருந்தால் பில் ஏறத்தான் செய்யும். 40, 45இல் ஓடினால்தான் பம்ப் தன் திறமையைக் காட்டும். அதற்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். அதை மாற்றாமல் விலையைக் குறைத்துக் காட்டியிருப்பார்கள், பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. இன்னொன்று: இரண்டு மணி நேரம் போட்டு அணைக்கிற பழக்கத்தை விட வேண்டும். மெதுவாக, நாள் முழுக்க ஓட விடுங்கள். ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கென்றே தனி மின் கட்டணத் திட்டங்களும் உண்டு. சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றி கேஸ் இணைப்பையே துண்டித்தால் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம், ஆண்டுக்குச் சுமார் 100 பவுண்டு, மிச்சம்.

வாடகை வீடு. நான் விண்ணப்பிக்கலாமா?

முடியாது, வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று சண்டைக்கு வந்தால்?

ஹீட் பம்ப்பின் வெளிப்பெட்டியை வேலிக்கு ஒரு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்ற விதியை இங்கிலாந்தில் 2025 மே மாதம் எடுத்துவிட்டார்கள். சத்தக் கணக்கு மட்டும் இன்னும் கட்டாயம். அவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், மற்றதெல்லாம் சமாளிக்கலாம். சத்தத்தைவிட இடம்தான் தலைவலி. தொட்டியில்லாமல் உடனுக்குடன் சுடுதண்ணீர் தரும் காம்பி பாய்லரை எடுத்தால் சுடுதண்ணீருக்கு ஒரு தொட்டி வைத்தாக வேண்டும். மாடிப்படிக்கு அடியில் அரிசி மூட்டையும் சூட்கேஸும் அடுக்கி வைத்திருக்கும் நம் வீடுகளில் அதற்கு எங்கே போவது?

ஹைட்ரஜன் பாய்லர் வரும்வரை காத்திருக்கலாமா?

இங்கிலாந்தில் விட்பி, ரெட்கார் என்ற இரண்டு இடங்களில் வீடுகளை கேஸிலிருந்து ஹைட்ரஜனுக்கு மாற்றிப் பார்க்கத் திட்டமிட்டார்கள். இரண்டுமே 2023இல் கைவிடப்பட்டன. நான் காத்திருக்க மாட்டேன்.

ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. சுவருக்கு வெளியே, சூடு போகாமல் தடுக்கும் காப்புப் பூச்சு, எல்லாம் அரசு செலவில், கையெழுத்து மட்டும் போதும் என்கிறார்கள். அதை முதலில் செய்தால்தான் ஹீட் பம்ப் மானியம் கிடைக்குமா?

இல்லை. அட்டிக், சுவர்க் காப்பு பாக்கி இருந்தால் மானியம் இல்லை என்ற நிபந்தனை முன்பு இருந்தது, 2024 மே மாதம் எடுத்துவிட்டார்கள். இலவச வெளிச்சுவர்க் காப்பில் நான் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அரசுத் திட்டங்களில் செய்த அந்த வேலைகளில் 98 சதவீதத்தில் திருத்த வேண்டிய குறை இருப்பதாக 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகமே சொன்னது. பூஞ்சை பிடித்த சுவர்களை நானே பார்த்திருக்கிறேன். அட்டிக்கில் காப்புக் கம்பளி விரிப்பது மலிவு, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். சுவரைத் தொட வருகிறவரிடம், ஈரம் எந்த வழியாக வெளியே போகும் என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.