ஒன்பது வயதில் புள்ளி அட்டவணை கேட்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஊரிலிருந்து வந்து எட்டு மாதம். ஒன்பது வயது மகனை இங்கே நோர்வேயின் டிராமனில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தில் சேர்த்திருக்கிறீர்கள். ஐந்துக்கு ஐந்து ஆட்டம், வென்றாலும் தோற்றாலும் யாரும் எழுதி வைப்பதில்லை, நன்றாக ஆடுகிறவனை இருத்திவிட்டுப் பந்தைக் கண்டாலே விலகுகிற பிள்ளையை இறக்குகிறார்கள். "இதே ஊர்ப் பிள்ளை, உதைபந்து வீரர் மார்ட்டின் ஓடகோர் பதினாறு வயதில் ஸ்பெயினின் றியல் மட்றிட் கழகத்துக்குப் போனவர்தானே, நான் ஏன் என் பிள்ளையின் காலத்தை வீணாக்க வேண்டும், காசு கட்டித் தனிப் பயிற்சிக்கு அனுப்பவா?" இதுதான் கேள்வி.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஓடகோர் என்ற அந்தப் பெயரின் கடைசியில் எழுத்தில் ஒரு 'ட்' இருக்கும், ஆனால் நோர்வேஜியர் வாயில் அது வராது. வேலையிடத்தில் 'ஓடகார்ட்' என்று நான் சொன்னபோது ஆங்கில வர்ணனையாளர் மாதிரிக் கதைக்கிறாய் என்று சிரித்தார்கள்.

மகனின் பயிற்சியாளர் சோம்பேறி இல்லை. அவர் யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன், சம்பளம் வாங்காமல் நிற்கிறார். அட்டவணை இல்லாததும் அவர் முடிவு இல்லை. நோர்வே விளையாட்டு ஒன்றியம் 1987 இலேயே சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. பிள்ளைக்குப் 11 வயதாகும் ஆண்டுக்கு முன் அட்டவணை, தரவரிசை கூடாது. 13 ஆகும் ஆண்டுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டி என்ற பேச்சே இல்லை. பள்ளிக்கூடத்திலும் ஏழாம் வகுப்புவரை புள்ளி போட மாட்டார்கள், கவனித்திருப்பீர்கள். இலங்கையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனையில் வெட்டுப்புள்ளி பார்த்து வளர்ந்த எங்களுக்கு இரண்டுமே வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது.

சரி, ஓடகோருக்கு வருவோம். 1998 டிசம்பரில் இந்த ஊரில் பிறந்தவர். தகப்பன் ஹான்ஸ் ஏரிக் எங்கள் ஊர் ஸ்ட்ரோம்ஸ்கொட்செட் கழகத்துக்கு நடுக்களத்தில் ஆடியவர். மகன் தொடங்கியது டிராமன் ஸ்ட்ரோங் என்ற சின்னக் கழகத்தில். அங்கே சரளைக்கல் மைதானத்தைச் செயற்கைப் புல்லாக மாற்றக் காசு போட்ட பெற்றோரில் இவருடைய தாய் தகப்பனும் உண்டு. பயிற்சியாளர்களில் ஒருவரும் அதே தகப்பன்தான். நீங்கள் குறை சொல்லும் அதே விதிகளுக்குள்தான் அந்தப் பிள்ளையும் வளர்ந்தது. வித்தியாசம் என்னவென்றால், வீட்டிலேயே நோர்வேயின் உச்ச முதற்பிரிவில் ஆடிய ஒரு ஆள் இருந்தார். அது காசு கட்டி வாங்கக்கூடிய சாமான் இல்லை.

2014 ஏப்ரல் 13 அன்று, 15 வயதும் 117 நாளுமாக முதற்பிரிவில் இறங்கினார். அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் அங்கே ஆடியதில்லை. ஸ்ட்ரோம்ஸ்கொட்செட் அப்போது நடப்புச் சாம்பியன். அடுத்த மாதம் முதல் கோல். ஆகஸ்டில் தேசிய அணி. அந்த ஆண்டு கழகத்தின் மரியன்லிஸ்ட் மைதானத்துக்கு ஐரோப்பாவின் பாதிக் கழகங்கள் ஆள் அனுப்பின. உதைபந்து என்றால் மூஞ்சையைச் சுளிக்கும் என் மனைவிகூட, தொலைக்காட்சியில் அந்தப் பெடியன் பந்தை இடது காலால் தடவிக்கொண்டு போவதை நின்று பார்த்தாள். 2015 ஜனவரியில் மட்றிட்.

நீங்கள் கேள்விப்பட்ட கதை இங்கே முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததை. அந்த மே மாதம் கெட்டாஃபே என்ற ஸ்பானியக் கழகத்துக்கு எதிராக ரொனால்டோவுக்குப் பதிலாக இறங்கினார், றியல் மட்றிட்டின் மிக இளைய வீரர் என்ற பெயரும் வந்தது. பிறகு நீண்ட அமைதி. ஸிடான் பயிற்றுவித்த இரண்டாம் அணி, அங்கே முணுமுணுப்பு, 'விலைக்கு வாங்கிய விளம்பரம்' என்ற எழுத்துக்கள். 2017 இல் கடனாக ஹேரன்வேன், அடுத்த ஆண்டு விட்டெஸ், இரண்டும் நெதர்லாந்தின் நடுத்தரக் கழகங்கள். இங்கே வேலையிடத்தில் தேநீர் நேரத்தில் "அந்தப் பிள்ளை முடிந்தது" என்று சொல்லாத ஆள் இல்லை. நானும் சொன்னேன்.

விட்டெஸில்தான் அவருடைய ஆட்டம் மறுபடி மெருகேறியது. அங்கேயிருந்து 2019 இல் இன்னொரு ஸ்பானியக் கழகமான றியல் சோசிடாட். அந்தப் பருவத்தில் ஸ்பெயின் கிண்ணக் காலிறுதியில் மட்றிட்டின் சொந்த மைதானத்திலேயே மட்றிட்டுக்கு எதிராக முதல் கோலை அடித்தார், சோசிடாட் 4-3 வென்றது. அதற்குப் பிறகும் மட்றிட்டில் இடம் இல்லை. ஆறு ஆண்டு ஒப்பந்தக்காரராக இருந்தும் முதல் அணிக்கு ஆடிய ஆட்டங்கள் பத்தைத் தாண்டியதே பெரிய காரியம். 2021 இல் இங்கிலாந்தின் ஆர்சனலுக்கு முதலில் கடனாக, பிறகு நிரந்தரமாக. அதே ஆண்டு நோர்வே அணித் தலைவர், 2022 இல் ஆர்சனல் தலைவர். 2025 நவம்பரில் நோர்வே மிலானில் இத்தாலியை 4-1 என்று வென்று, 1998 க்குப் பிறகு முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அந்த இரவு எங்கள் மாடிக்கட்டிடத்தில் ஆளையாள் தெரியாதவர்கள் படிக்கட்டில் நின்று கத்தினார்கள். நோர்வேஜியர் படிக்கட்டில் அடுத்த வீட்டாரோடு கதைப்பதே அபூர்வம் என்பது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

அதனால் என் பதில்: இப்போது காசு கட்ட வேண்டாம். பதினாறில் உலகம் கொண்டாடிய ஒருவருக்கே, எங்கே ஒழுங்காக ஆடக் கிடைக்குமோ அங்கே போய்ச் சேரச் சில வருடம் பிடித்தது. உங்கள் பையனுக்கு ஒன்பதில் அது இருக்கிறது, வாரத்தில் இரண்டு பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், எல்லாருக்கும் சம நேரம். பதின்மூன்றிலும் ஆசை மாறாமல் இருந்தால் அப்போது கேளுங்கள்.

பையனைவிட நீங்கள் பழக வேண்டியதுதான் கூட. நான் என் மூத்தவனின் முதல் ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்று "அடியடா, அடி!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒரு தாய் மெல்ல வந்து, இங்கே கைதட்ட மட்டும்தான் செய்வோம் என்றார். தமிழில்தானே கத்தினேன் என்று நினைத்தேன், தொனி எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

டுக்னாட் என்று கடிதம் வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். கூலியில்லாத பொதுவேலைதான், ஆனால் நான் முதல் ஆண்டு போகவில்லை, ஒரு பெற்றோரும் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. அடுத்த ஆண்டு கழகத்துக்காக மலசலகூடக் காகிதம் விற்றுக் கொடுத்தேன், தமிழ் வீடுகளில் மட்டும் இருபது கட்டு. வாஃபிள் சுடும் மேசையில் நின்ற ஒரு பின்னேரத்தில் கற்ற நோர்வேஜிய மொழி, வகுப்பில் மூன்று மாதம் கற்றதைவிடக் கூட. ஸ்பொண்ட் செயலியில் வருவீர்களா இல்லையா என்று கேட்கும், பதில் போடாமல் விடுவதுதான் இங்கே மரியாதைக் குறைவு. கட்டணம் பாரமாக இருந்தால் வெட்கப்படாமல் கழகத்திடமே கேளுங்கள், பெரும்பாலும் வழி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, செயற்கைப் புல்லில் போடும் கறுப்பு றப்பர்த் துகள். சப்பாத்தை வாசலுக்கு வெளியே தட்டாமல் பையனை உள்ளே விடாதீர்கள். எங்கள் சலவை இயந்திரம் ஒன்று அதோடுதான் போனது.