சாணி கேஸ்ல முட்டை நாத்தம்: கேளுங்க, சொல்றேன்

ஹட்டன் தம்பி: அண்ணே, சாணி கேஸ்ல ஓடுற ஜெனரேட்டர்ல ஒயில் சீக்கிரமே கெட்டுப்போகுது, பித்தளை சாமானெல்லாம் அரிக்குது. பக்டீரியா விட்டா சரியாகும்ங்குறாங்க, எங்க வாங்குறது?

வாங்கவே வேணாம் தம்பி, ஒங்க சாணியிலயே இருக்கு. கேஸ்ல முட்டை நாத்தம் அடிக்கிற ஐதரசன் சல்பைட் எஞ்சின்ல எரிஞ்சி, தண்ணியோட சேந்து அசிட்டாகி ஒயிலயும் பெயாரிங்கையும் நாசமாக்குது. தயோபசிலஸ் மாதிரி பக்டீரியாவுக்கு கொஞ்சம் ஒக்சிசன் கெடச்சா அந்த சல்பைட்ட தின்னு மஞ்சள் கந்தகமா ஒதுக்கிரும். அதனால டேங்க்குள்ள சாணிக் கரைசலுக்கு மேல கேஸ் நிக்கிற எடத்துல, கேஸ் அளவுல 2லேருந்து 6 சதவீதம் காத்து விடணும், அதுங்க ஒட்டி வளர ஈரமா ஒரு வலையும் கட்டணும். நாளைக்கு 2 கன மீட்டர் கேஸ் வந்தா, 4 சதவீதம்னா 80 லீட்டர்தான். மீன் தொட்டி மோட்டார் நிமிஷத்துக்கு 2 லீட்டர் தள்ளுனா 40 நிமிஷத்துல முடிஞ்சிரும், அதனால டைமர் போட்டு நாள் முழுக்க பிரிச்சி விடுங்க. காத்து கூடுனா கந்தகத்தோட நிக்காம அசிட் வரைக்கும் போயிரும். கேஸ் வராத நேரம் மோட்டார் ஓடவே கூடாது, காத்துல மீதேன் 5லேருந்து 15 சதவீதம் இருந்தா வெடிக்கும்.

மஸ்கெலியா அக்கா: சமையலுக்கு மட்டும்தான், எனக்கும் வேணுமா?

அடுப்புக்கு அவசரமில்லக்கா. ஜன்னல தெறந்து வைங்க, மூக்க நம்பாதீங்க.

நுவரெலியா: இந்தக் குளிர்ல வேலை செய்யுமா?

மெதுவா செய்யும், 30 பாகை கிட்டத்தான் அதுங்களுக்கு சொகம். குளிர்ல மொதல்ல கேஸே கொறையும், அத பாருங்க.

பண்டாரவளை: எதுக்குங்க இந்த பாடு? துருப்புடிச்ச இரும்புத்தூள ஒரு பைப்ல அடச்சி கேஸ விட்டா முடிஞ்சிது.

இரும்பு கந்தகத்த புடிச்சி நெறஞ்சா மாத்தணுமே, பழசு காத்து பட்டா சூடாகி தீப்புடிக்கும், நனச்சிட்டுத்தான் எடுக்கணும்.

பண்டாரவளை: கரண்ட் போனா ஒங்க பக்டீரியா பட்டினி, என் இரும்பு அது பாட்டுக்கு நிக்கும்.

சரி, அந்த பாயிண்ட ஒத்துக்குறேன். மண்ணுக்குள்ள கட்டுன டோம் வச்சிருக்கவங்களுக்கு நானும் இரும்புதான் சொல்லுவேன், உள்ள பிரஷர் ஏறிட்டா மீன் தொட்டி மோட்டாரால தள்ள ஏலாது. ஆனா பலூன் டேங்க்ல நாள் பூரா எஞ்சின் ஓட்டுறவருக்கு எத்தன தடவ இரும்பு மாத்துவீங்க? மொதல்ல பக்டீரியா, மிச்சத்துக்கு இரும்பு, அவ்வளவுதான்.

பண்டாரவளை: அப்ப கடைசியில இரும்பு வேணும்தானே!

வேணும் ஐயா, வேணும்.

தலவாக்கலை: மீன் தொட்டி மோட்டார் போதுமா?

மேல இருக்கு.

வெலிமட: எந்த மோட்டார்ணே?

மேலயே இருக்குன்னேன்.

கொட்டகலை: இப்ப நாத்தமே இல்ல, சுத்தமாயிருச்சா?

மூக்க நம்பாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? சல்பைட் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 100 பங்கு, தாண்டுனா மூக்கு மரத்துப்போயிரும், நாத்தமே தெரியாது. ஈய அசிட்டேட் தாள கேஸ்ல காட்டுங்க, கறுத்தா இன்னும் இருக்கு. குழிக்குள்ள மட்டும் எறங்கி பாக்காதீங்க.